ஆட்டிசம் மையத்தில் தெரபி படிக்காதவருக்கு என்ன வேலை?

கேள்வி இதுதான்: பி.காம் முடித்த ஒரு பெண்ணுக்குத் திருச்சியில், குழந்தைகளுக்கான ஆட்டிசம் தெரபி மையம் ஒன்றில் ஒருங்கிணைப்பாளர் வேலை கிடைத்திருக்கிறது. தெரபி சம்பந்தமாக எதுவும் படித்ததில்லை. "ரிசப்ஷனில் உட்கார்ந்து போன் எடுப்பதுதான் வேலையா? குழந்தைகளோடு ஏதாவது செய்ய வேண்டியிருக்குமா? என்னால் முடியுமா?" என்று கேட்கிறார்.

நான் மதுரையில் இப்படியொரு மையத்தில் 11 வருடமாக இதே வேலையைப் பார்க்கிறேன். நானும் தெரபி படித்தவள் இல்லை. அதனால் உங்கள் தயக்கம் எனக்குப் புரிகிறது. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது மாதம். ஸ்பீச் மிஸ், அதாவது பேச்சுப் பயிற்சி கொடுக்கும் தெரபிஸ்ட் ஒருவர், காலை எட்டரைக்கு போன் செய்து, காய்ச்சல், வர முடியாது என்றார். ஸ்லாட் நோட்டைப் பார்த்தேன். பத்து மணிக்கு இன்னொரு மிஸ் காலியாக இருந்தார். பெயரை அடித்துவிட்டு அவர் பெயரை எழுதினேன். நோட்டுக் கணக்கில் எல்லாம் சரி. பத்து மணிக்கு ஐந்து வயதுப் பையன் ஒருவன் வந்தான். தினமும் செருப்பைக் கழற்றியதும் மூன்றாவது அறைக்கு ஓடி அந்த மிஸ்ஸின் துப்பட்டா நுனியைப் பிடித்துக்கொள்வான். அன்று கதவைத் திறந்தால் வேறு முகம். அவன் அழுகை நாற்பது நிமிடம் நிற்கவில்லை. தலையைத் தரையில் மோதிக்கொண்டான். அவனுடைய அம்மா வராந்தாவில் பையை நெஞ்சோடு அணைத்தபடி நின்றுகொண்டே இருந்தார். அதற்கப்புறம் ஒன்பது நாள் அவன் வாசலைத் தாண்டவே மறுத்தான்.

யாரும் என்னைத் திட்டவில்லை. எங்கள் மையத்தை நடத்தும் மேடம் மட்டும் சாயங்காலம் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னார்: "அவன்கிட்ட நாம ஒண்ணு சொல்லி வச்சிருந்தோம். அதை மாத்திட்டோம். மாத்தினதை அவன்கிட்ட சொல்லல."

இந்த வேலை என்ன என்று யார் கேட்டாலும் எனக்கு அந்த மூன்று வாக்கியம்தான் ஞாபகம் வரும். குழந்தைக்குச் சொன்னது நடக்க வேண்டும். நடக்காது என்றால், அவனுக்குப் புரிகிற விதத்தில் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். தெரபிஸ்ட் தன் அறைக்குள் 45 நிமிடம் இதைப் பார்த்துக்கொள்வார். அந்த அறைக்கு வெளியே இருக்கும் எல்லாவற்றிலும் இதைப் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

1943ஆம் ஆண்டு அமெரிக்காவில் லியோ கானர் என்ற மருத்துவர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையில்தான் ஆட்டிசம் முதலில் தனி நிலையாக விவரிக்கப்பட்டது. எல்லாம் மாறாமல் அப்படியே இருக்க வேண்டும் என்ற தவிப்பை அவர் அதிலேயே குறித்திருக்கிறார். சத்தம், வெளிச்சம், வாசனை, தொடுதல் இவற்றைக் கூடுதலாகவோ குறைவாகவோ உணர்வது, 2013இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் வெளியிட்ட கையேட்டில் ஆட்டிசத்தைக் கண்டறியும் அடையாளங்களில் ஒன்றாகவே சேர்க்கப்பட்டது. நம்மூர் அரசுப் படிவங்களில் 'புற உலகு சிந்தனையற்ற மதி இறுக்கமுடையோர்' என்று ஒரு தொடர் வரும். எனக்கு அது பிடிப்பதில்லை. அடுத்த தெருவில் ஓடும் கிரைண்டர் சத்தத்தை நம்மில் யாரும் கேட்பதற்கு முன்பே கேட்டுக் காதைப் பொத்திக்கொள்ளும் பிள்ளையைப் புற உலகு சிந்தனை இல்லாதவன் என்று எப்படிச் சொல்வது?

சரி, ஒரு நாள் எப்படிப் போகும் என்று சொல்கிறேன்.

முதல் செஷன் 9 மணிக்கு. நான் 8 மணிக்கு வந்துவிடுவேன். முதல் வேலை ஓ.டி. அறை, அதாவது உடல் அசைவையும் அன்றாட வேலைகளையும் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபி நடக்கும் அறை. பலகை ஊஞ்சலின் கொக்கியை என் முழு எடையும் கொடுத்து இழுத்துப் பார்ப்பேன். கயிறு எங்காவது நைந்திருக்கிறதா, கூரை போல்ட் ஆடுகிறதா என்று கண்ணால் பார்த்தால் போதாது, கையால் தடவிப் பார்க்க வேண்டும். அப்புறம் தரையில் குனிந்து ஒரு சுற்று. ஸ்டேப்ளர் பின், குண்டூசி, பொம்மையிலிருந்து கழன்ற காந்தம், பட்டன் பேட்டரி. இந்தக் கடைசி இரண்டையும் குழந்தை விழுங்கினால் உடம்புக்குள் பெரிய ஆபத்து. பேட்டரி மூடியில் ஸ்க்ரூ இல்லாத பொம்மை எதையும் நான் வாங்குவதில்லை. வாயில் வைத்த பொம்மை அடுத்த குழந்தையின் கைக்குப் போகக் கூடாது. அதற்கென்று தனி நீல வாளி இருக்கிறது. சனிக்கிழமை மதியம் பந்துத் தொட்டியின் பந்துகளை எல்லாம் சோப்புத் தண்ணீரில் கழுவி மொட்டை மாடியில் காயப் போடுவோம்.

மின்விசிறிகளைக் குழந்தைகள் வருவதற்கு முன்பே போட்டுவிடுவேன். ஓடிக்கொண்டிருக்கும் விசிறியைப் பொறுத்துக்கொள்ளும் குழந்தைகூட, அது கிளம்பும்போது வரும் 'கிர்க்' சத்தத்தில் திடுக்கிடலாம். சிமிட்டும் டியூப்லைட்டை அன்றே மாற்றிவிட வேண்டும். ஃபினாயில் போட்டுத் துடைப்பது இரவில்தான், காலையில் வெறும் தண்ணீர். ஒரு வெள்ளிக்கிழமை நல்ல எண்ணத்தில் சாம்பிராணி போட்டோம். ஒரு சிறுமி வாசலிலேயே வாந்தி எடுத்தாள். அன்றிலிருந்து சாமி படத்துக்குப் பூ மட்டும்.

மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அறிவிப்பைத் தேடிப் படிக்கிற பழக்கம் வந்துவிடும். கரண்ட் இல்லாத நாள் என்று தெரிந்தால் முந்தின நாளே குழந்தைகளின் அட்டவணைப் பலகையில் விசிறி நின்ற படத்தை ஒட்டிவிடுவோம். தீபாவளிக்குப் பல வாரம் முன்பே வெடிச் சத்தத்தின் பதிவை மிக மெல்லிய ஒலியில் ஆரம்பித்து, தெரபிஸ்ட் சொல்லும் அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவோம். காதை மூடும் ஹெட்போன்களை எடுத்துத் துடைத்து, எந்தக் குழந்தைக்கு எது என்று பெயர் ஒட்டி வைப்பேன்.

ஆடி மாதம் தனிக் கதை. எங்கள் தெரு முனையில் அம்மன் கோயில். குழாய் ஸ்பீக்கர் ஒன்று நேராக எங்கள் ஜன்னலைப் பார்த்துக் கட்டியிருந்தது. முதல் இரண்டு வருடம் அந்த வாரங்களில் பாதி செஷன் நடக்காது. மூன்றாவது வருடம் தைரியம் வந்து கோயில் கமிட்டிப் பெரியவரைப் போய்ப் பார்த்தேன். "ஐயா, ஒரு ஸ்பீக்கரை மட்டும் கொஞ்சம் திருப்பிக் கட்டினா எங்க பிள்ளைங்களுக்கு உதவியா இருக்கும்" என்றேன். "பிள்ளைகளுக்குத்தானேம்மா, இதைக் கேக்க ரெண்டு வருசமா?" என்றவர் அன்றைக்கே ஆளை ஏற்றித் திருப்பிவிட்டார். இப்போது கூழ் ஊற்றும் நாளை அவரே முன்கூட்டிச் சொல்லி அனுப்புகிறார். அக்கம்பக்கத்தாரிடம் பேசுவதும் இந்த வேலையின் ஒரு பகுதி. படிவத்தில் எங்கும் எழுதியிருக்காது.

அட்டவணைப் பலகை என்றேன் அல்லவா, அதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு பட்டை. அதில் மேலிருந்து கீழாகப் படங்கள்: செருப்பு, ஸ்பீச் மிஸ்ஸின் போட்டோ, ஊஞ்சல், தண்ணீர் பாட்டில், அம்மா. ஒன்று முடிந்ததும் குழந்தையே அந்தப் படத்தைப் பிய்த்து 'முடிந்தது' டப்பாவில் போடுவான். கண்ணால் பார்க்கும் அட்டவணையைப் பெரிய அளவில் பரப்பியது அமெரிக்காவின் வடக்கு கரோலினாவில் எரிக் ஷோப்லர் தொடங்கிய திட்டம். இன்று உலகம் முழுக்க ஏதோ ஒரு வடிவத்தில் இது இருக்கிறது. பேச்சு காற்றில் போய்விடும், படம் அங்கேயே நிற்கும். எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்பிப் பார்த்துக்கொள்ளலாம்.

அந்தப் பலகையை முந்தின நாள் மாலையே சரிசெய்து வைப்பதுதான் என் நாளின் முக்கியமான அரை மணி நேரம். யாராவது லீவு என்றால் அவர் போட்டோ மேல் சிவப்புக் கோடு போட்ட கண்ணாடித் தாள், பக்கத்தில் மாற்றாக வருபவரின் போட்டோ. காலையில் திடீரென்று லீவு வந்தால் வீட்டுக்கு வாட்ஸ்அப்பில் அந்தப் படத்தை அனுப்பி, கிளம்புவதற்கு முன் குழந்தையிடம் காட்டச் சொல்வேன். மூன்றாவது மாதத்தில் நான் செய்யாமல் விட்டது இதைத்தான். இதைச் செய்தாலும் சில குழந்தைகள் அழத்தான் செய்வார்கள். ஆனால் அந்தப் பையன் மாதிரி ஒன்பது நாள் வர மறுத்தவர் அதற்கப்புறம் யாரும் இல்லை.

படங்கள் செய்வதே ஒரு கைத்தொழில். கடையில் கிடைக்கும் ஃபிளாஷ் கார்டுகளில் பனிமனிதனும் இக்ளூவும் இருக்கும். நம் பிள்ளைக்கு வேண்டியது இட்லி, தட்டு, சொம்பு, பாய், மஞ்சப்பை. அதனால் நாங்களே போன் கேமராவில் எடுக்கிறோம். பின்னணியில் எதுவும் இல்லாமல் வெள்ளைத் துணி விரித்து எடுங்கள். இல்லாவிட்டால் குழந்தை டம்ளரை விட்டுவிட்டுப் பின்னால் தெரியும் காலண்டரைப் பார்ப்பான். முடிந்தால் அவனுடைய வீட்டு டம்ளரையே எடுங்கள். லேமினேஷன் செய்ததும் நான்கு மூலையையும் வட்டமாக வெட்ட வேண்டும். அந்தக் கூர்முனை சின்ன விரலைக் கிழிக்கும், கண்ணில் பட்டாலும் ஆபத்து. வெல்க்ரோவில் சொரசொரப்பான பக்கம் பலகையிலும் மெத்தென்ற பக்கம் கார்டிலும் என்று முதல் நாளே முடிவு செய்து மையம் முழுக்க அப்படியே வையுங்கள். ஆளுக்கொரு விதமாக ஒட்டினால் ஒரு அறையின் கார்டு இன்னொரு அறையில் ஒட்டாது. அதற்கும் ஒரு குழந்தை அழும்.

பேச்சு வராத குழந்தைகள் படத்தை எடுத்து எதிரில் இருப்பவர் கையில் கொடுத்துக் கேட்கும் முறை 1985இல் ஆண்டி போண்டி, லோரி ஃப்ராஸ்ட் இருவரும் உருவாக்கியது. பெரிய குழந்தைகள் சிலருக்கு டேப்லெட்டில் படத்தைத் தொட்டால் பேசும் செயலி. சென்னையில் உருவான 'ஆவாஸ்' அப்படிப்பட்டது, தமிழிலும் பேசும். "படத்தைக் காட்டிப் பழகிட்டா அப்புறம் வாயைத் திறக்கவே மாட்டானே" என்று பாட்டிமார் பயப்படுவார்கள். படமோ செயலியோ பேச்சைத் தடுப்பதில்லை என்றுதான் ஆய்வுகள் சொல்கின்றன. சில குழந்தைகளுக்கு அதற்கப்புறம்தான் பேச்சே வருகிறது. இதில் உங்கள் பங்கு என்ன? டேப்லெட்டுகளை இரவே சார்ஜில் போடுவது. கேட்கச் சின்ன விஷயம். சார்ஜ் தீர்ந்த டேப்லெட்டோடு ஒரு பிள்ளையை உட்கார வைப்பது, அவன் வாயைத் துணியால் கட்டி உட்கார வைப்பதுதான்.

அடுத்து, பரிசுப் பெட்டி. ஒரு வேலையைச் செய்து முடித்ததும் குழந்தைக்குப் பிடித்தது உடனே கிடைக்க வேண்டும். ஒருவனுக்குப் பொரி, ஒருத்திக்குச் சோப்புக் குமிழி, இன்னொருவனுக்கு எட்டாம் எண் பஸ் பொம்மை. ஒவ்வொருவர் பெயரிலும் ஒரு டப்பா, மூடியின் உள்பக்கம் அவனுக்கு ஆகாத உணவுகளின் பட்டியல். கடலை மிட்டாய் நம்மூரில் சாதாரணம், ஆனால் நிலக்கடலை ஒவ்வாமை உள்ள குழந்தை இருக்கிறதா என்று சேர்க்கும் நாளிலேயே கேட்டு எழுதிவிடுங்கள். வலிப்பு உண்டா என்பதையும் கண்டிப்பாகக் கேளுங்கள். ஆட்டிசத்தோடு வலிப்பும் இருப்பது அரிதல்ல. என்ன மாத்திரை, எந்த நேரம், வலிப்பு வந்தால் முதலில் யாரைக் கூப்பிட வேண்டும் என்று ஒரு தாள் எல்லா அறையிலும் இருக்க வேண்டும்.

இப்போது நோட்டுப் புத்தகம். பி.காம் படித்த உங்களுக்கு இங்கேதான் கை பழகியிருக்கும். ஒவ்வொரு செஷனிலும் தெரபிஸ்ட் ஒரு தாளில் குறிப்பார்: தானாகச் செய்தானா, கை பிடித்துக் காட்டியதும் செய்தானா, செய்யவில்லையா. அந்தத் தாள்களைச் சேகரித்து வாரம் ஒருமுறை வரைபடத்தில் ஏற்றுவது என் வேலை. நல்ல இலக்கு எப்படி இருக்க வேண்டும் தெரியுமா? 'தகவல் தொடர்பு மேம்பட வேண்டும்' என்று எழுதினால் அதை எதை வைத்து அளப்பது? 'தாகம் எடுத்தால் தண்ணீர்ப் படத்தை எடுத்து எதிரில் இருப்பவர் கையில் தானாகக் கொடுக்க வேண்டும், பத்தில் எட்டு முறை, இரண்டு வெவ்வேறு ஆட்களிடம்' என்று இருந்தால் எண்ணலாம். எண்ணினால்தான், வராத ஒன்றை நான்கு மாதமாகச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறோம் என்பது நமக்கே தெரியும். மாலை ஆறு மணிக்குக் களைத்துப் போன தெரபிஸ்டுகள் தாளை நிரப்பாமல் போய்விடுவார்கள். கறாராக இருங்கள். தாள் காலியாக இருந்தால் மூன்று மாத அறிக்கையில் 'நன்றாக முன்னேறுகிறான்' என்று ஒரு வரி வரும். அந்த வரியை நம்பி ஒரு குடும்பம் வட்டிக்குக் கடன் வாங்கிக் கட்டணம் கட்டிக்கொண்டிருக்கும்.

இன்னொரு தாளும் உண்டு. குழந்தை கடித்தான், தலையை மோதினான் என்றால், அதற்கு முன் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், அதற்கப்புறம் என்ன நடந்தது என்று மூன்று கட்டம். எங்கள் மையத்தில் ஒரு பையன் செவ்வாய்க்கிழமை மட்டும் கடிப்பான். தாள்களை வரிசையாக அடுக்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது: செவ்வாய்க்கிழமை அவனுக்குப் பதினொன்றரைக்கு செஷன், மற்ற நாளெல்லாம் ஒன்பதரை. வீட்டில் காலைச் சாப்பாடு ஏழு மணிக்கு. பசி. அவனால் சொல்ல முடியவில்லை. ஸ்லாட்டை மாற்றினேன், கடி நின்றது. தெரபி படிக்காத ஒருத்தி அந்தப் பையனுக்குச் செய்ய முடிந்தது அது, இன்று வரை அதை நினைத்தால் எனக்குச் சந்தோஷம்தான்.

காகித வேலை நிறைய உண்டு, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி இப்படிப்பட்ட நிறுவனங்கள் பதிவுச் சான்று இல்லாமல் நடக்கக் கூடாது. நீங்கள் சேரும் மையத்தில் அந்தச் சான்று சுவரில் இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்பீச் தெரபிஸ்ட், சிறப்பு ஆசிரியர், கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆகியோருக்கு இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண் இருக்க வேண்டும், அது காலாவதி ஆகாமல் பார்த்துக்கொள்வது உங்கள் கையில். ஓ.டி.க்காரர்கள் அந்தக் கவுன்சிலின் கீழ் வரமாட்டார்கள். அவர்கள் படிப்புச் சான்றைத் தனியாகச் சரிபாருங்கள். வார இறுதி கோர்ஸ் ஒன்றை முடித்துவிட்டுத் தெரபிஸ்ட் என்று பலகை மாட்டுபவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

பெற்றோருக்கும் காகிதத்தில் கை கொடுக்க வேண்டும். ஊனச் சான்றிதழுக்கு ஆட்டிசத்தை அளக்கும் இந்திய அளவுகோலில் 40 கேள்விகள், மொத்தம் 200 மதிப்பெண். 70க்குக் கீழ் வந்தால் ஆட்டிசம் இல்லை என்று கணக்கு. மதிப்பீட்டு நாளுக்குப் போகும்போது வீட்டில் எடுத்த சின்ன வீடியோக்களைக் கொண்டுபோகச் சொல்லுங்கள், புது இடத்தில் குழந்தை வழக்கம்போல இருக்க மாட்டான். சான்றிதழ் வந்தபின் தேசிய அறக்கட்டளையின் நிராமயா மருத்துவக் காப்பீட்டைச் சொல்லுங்கள், ஒரு லட்சம் ரூபாய் வரை. கட்டணம் கட்ட முடியாத குடும்பம் வந்தால் வெறுங்கையோடு அனுப்பாதீர்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இருக்கும் ஆரம்பநிலை இடையீட்டு மையம், பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையம், சென்னைக்குப் பக்கத்தில் முட்டுக்காட்டில் 2005 முதல் இயங்கும் பன்முக மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் ஆகியவற்றின் விவரங்களை ஒரு தாளில் அச்சடித்து மேசையில் வையுங்கள். "நம்ம அட்மிஷன் போயிடுமே" என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொள்ளாதீர்கள்.

இனி வராந்தா. இந்த வேலையில் எனக்கு எல்லாவற்றையும் விடக் கனமானது அதுதான்.

தெரபி நடக்கும் 45 நிமிடம் அம்மாக்கள் அங்கே உட்கார்ந்திருப்பார்கள். மேலூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தவர், வேலையை விட்டுவிட்டு வந்தவர், ரெண்டாவது குழந்தையை மடியில் வைத்திருப்பவர். அப்பாக்கள் குறைவு, வரும் அப்பாக்களும் வண்டியிலேயே இருந்துவிடுவார்கள். வீட்டில் அந்த அம்மாக்கள் கேட்டுவிட்டு வரும் பேச்சு எல்லாம் அங்கே மெல்ல இறங்கும். "நீ போனைக் குடுத்துக் கெடுத்துட்ட." "நீ வேலைக்குப் போனதாலதான்." "கர்ப்பத்துல என்ன தின்ன?" தாயின் பாசம் குறைந்ததால் ஆட்டிசம் வருகிறது என்று ஒரு காலத்தில் மருத்துவர்களே சொன்னார்கள். அது தவறு என்று முடிவாகிப் பல பத்து வருடங்கள் ஆகின்றன. தடுப்பூசியால் வருகிறது என்று 1998இல் வந்த கட்டுரையை அதை வெளியிட்ட இதழே 2010இல் திரும்பப் பெற்றுவிட்டது. இந்த இரண்டையும் தெளிவாக, தயக்கமில்லாமல் சொல்லத் தெரிந்துகொள்ளுங்கள். ஒருமுறை ஒரு அம்மாவிடம், "உங்களால வந்தது இல்லம்மா" என்று மட்டும்தான் சொன்னேன். பத்து நிமிடம் அழுதார். நான்கு வருடத்தில் அதை அவரிடம் சொன்ன முதல் ஆள் நான்தானாம்.

"எப்பப் பேசுவான்?" என்று கேட்பார்கள். தேதி சொல்லாதீர்கள். "நல்லாயிடும்" என்றும் சொல்லாதீர்கள். "போன மாதம் தண்ணி வேணும்னா அழுவான். இப்ப படத்தை எடுத்துக் குடுக்குறான், இந்த வாரம் பத்துல ஆறு தடவை" என்று உள்ளதைச் சொல்லுங்கள். அதற்குத்தான் அந்த வரைபடம். இன்னொன்று, "தமிழ் பேசாதீங்க, இங்கிலீஷ் மட்டும் பேசுங்க" என்று எங்கோ யாரோ சொல்லி அனுப்பியிருப்பார்கள். இரண்டு மொழி கேட்பதால் குழந்தை பின்தங்குவதில்லை. பாட்டியோடு பேச முடியாத ஒரு மொழியை மட்டும் கொடுத்து அவனை வீட்டுக்குள்ளேயே தனியாக்க வேண்டாம்.

போனில் வேறு மாதிரி கேள்விகள் வரும். ஸ்டெம் செல் ஊசி போட்டால் சரியாகிவிடும் என்று ஒரு இடத்தில் லட்சக்கணக்கில் கேட்கிறார்கள், போடலாமா என்பார்கள். தேசிய மருத்துவ ஆணையம் 2022இலேயே ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சையைப் பரிந்துரைக்க முடியாது, அப்படிச் செய்வது தொழில் ஒழுங்கீனம் என்று சொல்லிவிட்டது. அதை அப்படியே சொல்லுங்கள். நிலத்தை விற்றுவிட்டு வந்து நின்ற ஒரு அப்பாவை நான் பார்த்திருக்கிறேன். ஒரு போன் முன்னால் செய்திருந்தால் என்று இன்றும் தோன்றும்.

ஒரு குழந்தையின் விஷயத்தை இன்னொரு அம்மாவிடம் பேசாதீர்கள், நல்ல விஷயமாக இருந்தாலும். குழந்தை அழுது புரளும்போது யார் போனை நீட்டினாலும் கீழே இறக்கச் சொல்லுங்கள். எங்கள் விளம்பரத்துக்குக்கூட ஒரு குழந்தையின் முகத்தையும் நாங்கள் போடுவதில்லை.

ஆயா அக்காவைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. எங்கள் அக்கா ஏழாம் வகுப்பு வரை படித்தவர். எந்தக் குழந்தை எப்போது பாத்ரூம் போகும், யாருக்கு இன்று உடம்பு சுடுகிறது, யார் முதுகில் புதிதாகத் தழும்பு இருக்கிறது என்று அவருக்குத்தான் முதலில் தெரியும். வாராந்திரக் கூட்டத்தில் தெரபிஸ்டுகளோடு அவருக்கும் ஒரு நாற்காலி போட வேண்டும் என்று சண்டை போட்டு வாங்கினேன். தழும்பு என்றேன். பேச்சு வராத குழந்தைக்கு நடக்கும் கொடுமை வெளியே வருவது மிகக் கஷ்டம். பாலியல் கொடுமை என்று சந்தேகம் வந்தாலே போலீசுக்கோ சிறார் காவல் பிரிவுக்கோ சொல்லியாக வேண்டும் என்பது 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டம். "குடும்ப விஷயம்" என்று ஒதுங்க நமக்கு அனுமதி இல்லை. எங்கள் அறைக் கதவுகளில் எல்லாம் கண்ணாடிச் சதுரம் இருக்கிறது, அதை யாரும் பேப்பர் ஒட்டி மறைக்கக் கூடாது. வாசல் கதவுக்கு மேலே, குழந்தைக்கு எட்டாத உயரத்தில் இரண்டாவது தாழ்ப்பாள். ஓடிப் போகும் பழக்கம் சில குழந்தைகளுக்கு உண்டு, அதிலும் தண்ணீர் இருக்கும் இடம் தேடி ஓடுவார்கள். சுற்றுவட்டாரத்தில் கிணறு, கண்மாய், மூடாத தொட்டி எங்கே என்று தெரிந்து வைத்திருங்கள். குழந்தை காணோம் என்றால் முதலில் தேட வேண்டிய இடம் அது.

தெரபிஸ்டுகள் பெரும்பாலும் 22, 23 வயதுப் பெண்கள். கடி வாங்கிய கையோடு வந்து சிரிப்பார்கள், உள்ளே அழுவார்கள். ஒரு நாளைக்கு எட்டு செஷன் போடச் சொல்லி நிர்வாகம் கேட்டால், ஆறுக்கு மேல் போனால் தாள்கள் காலியாக வருகிறதே என்று எடுத்துக் காட்டுங்கள். உங்களிடம் கணக்கு இருக்கிறது. கல்யாணம், வெளிநாடு, நல்ல சம்பளம் என்று போய்விடுவார்கள், அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் போகிறவரும் வருகிறவரும் இரண்டு வாரமாவது ஒரே அறையில் இருக்கும்படி பாருங்கள். முதல் வாரம் புதியவர் ஓரத்தில் உட்கார்ந்திருந்தால் போதும். இரண்டாவது வாரம் பரிசுப் பெட்டியை அவர் கையில் கொடுங்கள்.

உங்களால் முடியுமா என்று கேட்டீர்கள். சத்தமும் கண்ணீரும் இருக்கும் இடத்தில் குரலை உயர்த்தாமல் இருக்க முடிந்தால் முடியும். குழந்தைகள் உங்களைப் பார்த்துச் சிரிக்க வேண்டும், கண்ணைப் பார்க்க வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். எங்கள் பையன், அந்த ஒன்பது நாள் வராதவன், இரண்டு வருடம் என்னைத் திரும்பிப் பார்த்ததே இல்லை. ஒரு நாள் என் மேசைக்கு வந்து, அடுத்த நாளின் பட்டையை எடுத்து, மேலிருந்து கீழே ஒவ்வொரு படமாக விரல் வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப மாட்டிவிட்டுப் போனான். தினமும் கிளம்பும்போது அப்படிச் செய்தான். பள்ளியில் சேர்ந்து மையத்தை விட்டுப் போகும் வரை செய்தான்.

கடைசியாக ஒரு வேலை. சேரும் தேதி முடிவானதும் உங்கள் போட்டோ ஒன்றை மையத்துக்கு அனுப்பி, குழந்தைகளின் பலகையில் ஒரு வாரம் முன்பே ஒட்டச் சொல்லுங்கள். கண்ணாடி போடுபவர் என்றால் கண்ணாடியோடு, தினமும் எப்படித் தலை பின்னுவீர்களோ அப்படியே எடுத்த போட்டோவாக இருக்கட்டும். முதல் நாள் அதே மாதிரி போங்கள். பூ வேண்டாம், வாசனை ஸ்ப்ரேவும் வேண்டாம்.